முப்பத்தொரு ஃபைனல்

"தாய்மாமன் பேரு எங்கே?"

கேட்டவர் தாய்மாமனேதான். கையில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை. அதில் பெரியப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், துபாயில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன்கூட இருந்தான். மாமன் மட்டும் இல்லை.

டிசைன் செய்தவன் குருபரன். மாமன் பேரைச் சேர்த்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சேர்த்த ஃபைலை விட்டுவிட்டு சேர்க்காத ஃபைலை அச்சுக்கு அனுப்பிவிட்டான். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் புதுப் பத்திரிகை கைக்கு வரவில்லை என்றால் மண்டப வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாமன் அச்சக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மணப்பெண் மதிவதனியின் அம்மா போனில் அழுதுகொண்டிருந்தாள். தம்பி வராமல் அவள் எப்படி மகளை மணையில் உட்கார வைப்பாள்?

குருபரன் தேடினான். ஃபைனல். ஃபைனல் ஓகே. ஃபைனல் புதுசு. லாஸ்ட் ஃபைனல். இதுதான் ஃபைனல். இந்த ஒரு கல்யாணத்துக்கே முப்பத்தொன்று. ஸ்கிரீன் முழுக்க ஆறு வருஷத்து ஃபைல் அப்பிக் கிடந்தது. ஸ்கிரீனுக்குப் பின்னணியாக வைத்திருந்த முருகர் படத்தில் வேல் நுனி மட்டும்தான் தெரிந்தது.

பத்து ஃபைலைத் திறந்தான். பத்திலும் மாமன் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினான்.

மாஸ்டர் என்றால் ரூபாவதி. அதே அச்சகத்தில் அச்சுக்கான பிளேட் போடுகிறவள். அவனைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள். எந்த வருஷத்து வேலையைக் கேட்டாலும் வாயில் இருக்கிற டீயை விழுங்குவதற்குள் எடுத்துத் தந்துவிடுவாள். அதனால் மிஷின் ஓட்டுகிற நரைத்த தலைகளுக்கும் அவள் மாஸ்டர்தான்.

"சரியான ஃபைல் எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, மாஸ்டர்."

அவள் தேடவே இல்லை. 'பரண்' என்று ஒரு ஃபோல்டர் போட்டாள். ஸ்கிரீனில் இருந்த அத்தனையையும் வாரி அதற்குள் தள்ளினாள்.

முருகர் முழுசாகத் தெரிந்தார்.

ஆறு வருஷ உழைப்பு என்று குருபரன் முனகினான். எங்கேயும் போகவில்லை, பரணில்தான் இருக்கிறது என்றாள். வெறும் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொன்னாள்.

"முதல்ல இருந்தா? ஆறு மணிக்குள்ள எப்படி முடியும்?"

"மாமன் எங்கே இருக்காரு?"

"வாசல்ல."

"அப்புறம் எதுக்குண்ணே அவரை ஃபைலுக்குள்ள தேடுறீங்க?"

குருபரன் வாசலுக்குப் போனான். மாமனை நாற்காலியோடு கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தான். பழைய பத்திரிகையை முன்னால் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல அடித்தான். பேரோடு 'மிராசுதார்' என்றும் போடச் சொன்னார். போட்டான். இரண்டு மணி நேரம். ஒரே ஃபைல். அதற்கு 'மதிவதனி கல்யாணம்' என்று பேர் வைத்தான், வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஒரு பிரதி எடுத்து மாமனிடமே கையெழுத்து வாங்கி பிளேட்டுக்கு அனுப்பினான்.

ஐந்தே முக்காலுக்கு மை காயாத பத்திரிகை மாமன் கையில் இருந்தது. தன் பேரை மூன்று தடவை படித்தார். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாகப் போட்டிருக்கலாம் என்றார். பிறகு சிரித்துவிட்டார். மிஷின் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது.

மாஸ்டர் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பரணை ஒரு மாசம் தொடாதீங்க. தேவைப்பட்டா மட்டும் எடுங்க. மாசம் முடிஞ்சதும் திறந்து பார்க்காம அழிச்சிடுங்கண்ணே."

தலையாட்டினான். அழிக்க மனசு வருமா என்று அவனுக்கே சந்தேகம்.

அடுத்தது முகூர்த்த மாசம். நாற்பது கல்யாணம். நாற்பது ஃபைல். எந்தப் பத்திரிகையிலும் எந்த மாமனும் காணாமல் போகவில்லை.

மாசம் முடிந்து ஒரு வாரம் கழித்து, டீ டம்ளரோடு வந்த மாஸ்டர் கேட்டாள்.

"அழிச்சாச்சாண்ணே?"

குருபரன் நாற்பத்தோராவது பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எதை, மாஸ்டர்?"