நானூறு லைக்

சார்ட்டில் ஒருவருடைய ஃபேஸ்புக் பக்கத்தை வரைவதுதான் எங்கள் பிளஸ் டூ புராஜெக்ட். மற்றவர்களுக்கு ராஜா, விஞ்ஞானி என்று கிடைத்தது. மும்தாஜுக்கு மட்டும் எங்கள் ஹெச்.எம்.

"நான் சொன்னதுதான் போஸ்ட்டா இருக்கணும். ஆய்வுக்கு அதிகாரி வரும்போது நானூறு லைக் இருக்கணும். இல்லேன்னா மார்க் கிடையாது," என்றார் அவர்.

அவருக்கு நாலு லைக் விழுவதே கஷ்டம்.

"சரிங்க சார்," என்றாள் மும்தாஜ்.

ஆய்வன்று சார்ட் முழுக்க மாணவிகளின் கட்டைவிரல் ரேகை. சரியாக நானூறு. "அப்படி என்ன சொன்னீங்க?" என்று அதிகாரியே குனிந்து படித்தார்.

ஒரே போஸ்ட்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டு, ஹெச்.எம். பிரேயரில் சொன்னது: "கழிப்பறைக்கு அடுத்த வாரம் கதவு வந்துவிடும்."

"அந்தக் கதவைப் பார்க்கலாமா?" என்றார் அதிகாரி.

ஹெச்.எம். முறைத்தார். "நீங்க சொன்னதுதானே சார்," என்றாள் மும்தாஜ்.

இத்தனை நாள் கெஞ்சியும் வராத கதவு மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. மார்க்கும் முழுசாக விழுந்தது. நானூற்றொன்றாவது ரேகை அதிகாரியே வைத்தது, பிறகு மார்க்கை யார் குறைப்பது?