விக்கலுக்குத் தொண்ணூறு நாள்

வெகு காலத்துக்கு முன்பு நெடுங்கரை நாட்டை விசித்திரகீர்த்தி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் போட்ட சட்டத்தை மாலையில் மறந்துவிடுவார். மறக்காமல் பார்த்துக்கொள்ள திருமேனிநாதர் என்ற பொக்கிஷ அதிகாரி இருந்தார். தனக்கு லாபம் தரும் சட்டங்களை மட்டும் அவர் மறக்கவே மாட்டார்.

அவர் ஒரு வைப்புத் திட்டம் கொண்டுவந்தார். மக்கள் தங்கள் பொன்னை அரண்மனைப் பெட்டியில் போடலாம். நூறு பொன்னுக்கு வருஷம் ஆறு பொன் வட்டி. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஆறு ஆறுதான். திரும்ப எடுக்க வேண்டுமானால் தொண்ணூறு நாள் முன்னதாக ஓலை எழுதிக் கொடுக்க வேண்டும்.

படகுக்காரி கூத்தாயி இதை நன்றாக யோசித்துப் பார்த்தாள். கடைவீதிச் செட்டி ஒரு வருஷம் எட்டுக் கொடுப்பான், மறுவருஷம் மூன்று கொடுப்பான், அதற்கடுத்த வருஷம் ஆளே இருக்க மாட்டான். அரண்மனை எங்கேயும் ஓடாது. அதனால் கையிலிருந்த நாற்பது பொன்னையும் பெட்டியில் போட்டாள். அவசரத்துக்கென்று நாலு பொன்கூட வீட்டில் வைக்கவில்லை. தவறு அங்கேதான் நடந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப் பதினெட்டு அன்று துறையில் யாருடைய படகு நிற்கிறதோ, அவர்களுக்கே அந்த வருஷம் ஆற்றைக் கடத்தும் உரிமை. பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கூத்தாயியின் படகு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்துவிட்டது. புதுப் படகுக்கு அந்த நாற்பது பொன் வேண்டும். கிடைக்காவிட்டால் துறை கைமாறிவிடும். யாருக்கு? திருமேனிநாதரின் மைத்துனர் ஏற்கெனவே ஒரு படகுக்குத் தார் பூசி வைத்திருந்தார்.

கூத்தாயி சபைக்கு வந்து முறையிட்டாள். திருமேனிநாதர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, புத்தியுள்ளவர்களுக்குத் தங்கள் தேவை தொண்ணூறு நாள் முன்னாடியே தெரியும். பாறையிடம் போய் நீ தேதி கேட்டிருக்கலாமே."

சபை முழுக்கச் சிரித்தது. ராஜாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

கூத்தாயியும் கூடச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் புத்தி கம்மிதான் மகாராஜா. ஐயா எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று மூன்று நாள் பார்த்துப் படித்துக்கொள்கிறேன். இந்த மூன்று நாளும் தனக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் இப்போதே எழுதட்டும். அதைத் தொண்ணூறு நாளுக்கு முன் எழுதிய ஓலையாகவே வைத்துக்கொள்வோம். ஓலையில் இல்லாத எதற்கும் அவர் இன்னும் தொண்ணூறு நாள் காத்திருக்கட்டும். மூன்று நாளும் அவர் வேறெதுவும் கேட்காமல் இருந்துவிட்டால் துறையை நானே விட்டுப் போகிறேன்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். உடனே ஓலை கொண்டுவரச் சொன்னார். திருமேனிநாதர் பெருமையோடு உட்கார்ந்து நாற்பத்தேழு பொருள்களை எழுதினார். எந்த வேளைக்கு என்ன குழம்பு, மாலை மோர், இரவுப் பால், மதியத் தூக்கத்துக்கு எந்தப் பக்கம் எந்தத் தலையணை என்பதுவரை எழுதினார். அதைப் படித்த அமைச்சர்கள் தங்கள் வீட்டுக்கும் இப்படியொரு பட்டியல் இல்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

முதல் நாள் குறையில்லாமல் போயிற்று. இரண்டாம் நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓலையில் குடை இல்லை. அதிகாரி சொட்டச் சொட்ட நனைந்து வந்து, மழையில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் விளக்கினார்.

மூன்றாம் நாள் மதியம், சபை நடக்கும்போது, ஓலையின் முப்பத்தொன்பதாவது பொருளான மிளகு வடை வந்தது. இரண்டைச் சேர்த்து வாயில் போட்டார். விக்கல் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கித் தண்ணீர் என்று காட்டினார்.

கணக்கன் ஓலையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தான். மோர் இருந்தது, பால் இருந்தது, பானகம் இருந்தது. தண்ணீர் இல்லை. வீட்டில் இருக்கிற தண்ணீரை யார் எழுதிவைப்பார்கள்?

"மனு எழுதிக் கொடும். ஐப்பசியில் வந்து சேரும்" என்றார் ராஜா.

திருமேனிநாதருக்குக் கண் பிதுங்கியது. "மகாராஜா, என் ஒரு மாதச் சம்பளத்தை... ஹிக்... பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் தண்ணீர்!"

ராஜா வாய் திறப்பதற்குள் கூத்தாயியே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து பேசினாள்.

"திட்டம் கெட்டதில்லை மகாராஜா. வட்டியும் நியாயம்தான். எல்லாவற்றையும் அதில் போட்டது என் பிழை. ஆனால் அவசரம் எல்லோருக்கும் வரும், அதற்கு ஒரு விலையும் உண்டு என்று ஐயாவே சொல்லிவிட்டார். அவர் சம்பளத்தை விட்டார், நான் வட்டியை விடுகிறேன். போட்ட பொன்னை மட்டும் இன்று கொடுங்கள்."

அது நியாயம் என்று ராஜாவுக்குப் பட்டது. வட்டியை இழக்கச் சம்மதிப்பவர் போட்டதை அன்றே எடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார். அதிகாரியின் ஒரு மாதச் சம்பளத்தையும் மறக்காமல் பிடிக்கச் சொன்னார். பிறகு பெட்டியைத் திறக்க உத்தரவிட்டார்.

திறந்தார்கள். உள்ளே ஒரு பல்லி இருந்தது.

பொன் எங்கே என்று ராஜா கர்ஜித்தார். திருமேனிநாதர் தரையைப் பார்த்தபடி, வரிப்பணம் வந்து சேரத் தொண்ணூறு நாள் ஆகும் என்பதால்தான் அந்தக் கெடுவே வைத்தது என்றார். பெட்டியில் இருந்ததெல்லாம் போன மாதம் மகாராஜா தன் வாயால் சொல்லிச் செய்யவைத்த அன்னப்படகுக்குப் போய்விட்டது. மகாராணியின் பிறந்தநாளுக்கு அரண்மனைக் குளத்தில் விட.

ராஜாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆசைப்பட்டவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

கூத்தாயி மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும் மகாராஜா?"

"எடுத்துக்கொண்டு போ. நாற்பது பொன் உன் கணக்குக்கு. மிச்ச விலை உன் புத்திக்கு" என்றார் ராஜா. மற்றவர்கள் போட்டதைப் பெட்டியில் திரும்ப வைக்கத் தன் தங்கப் பல்லக்கை விற்கச் சொன்னார். அதன் பிறகு அவர் குதிரையில்தான் போனார்.

ஆடிப் பதினெட்டு அன்று அன்னப்படகின் முதல் சவாரியில் பதினொரு பேர், நான்கு ஆடு, இரண்டு மூட்டை புண்ணாக்கு. பொன்முலாம் பூசிய கழுத்தில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். மாடத்திலிருந்து அதைப் பார்த்த மகாராணி, அழகாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்டாளாம். ராஜா அவசரமாகக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.