கல்லுல பூத்த அவரை

டங்... டங்... டங்... என்ன சத்தம் அது? உளிச் சத்தம். மலை மேல ஒரு ஊர்ல, ஊருன்னா மொத்தமும் பாறைதான், ஒரு பிடி மண்ணு கிடையாது, அங்க கல்லு கொத்துறவனுக்கு வாக்கப்பட்டு வந்தா மயிலாத்தான்னு ஒருத்தி. "ம்" சொல்லு கண்ணு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். புதுப்பொண்ணு தாய்வீட்டு அவரை விதையக் கொண்டாந்து நடணும். அது பூத்தாத்தான் அம்மாவைப் பாக்கப் போகலாம். கீழருந்து மண்ணு சுமந்தாலும் மலைக்காத்து உஸ்ஸுன்னு அள்ளிட்டுப் போயிரும்.

"எப்போ அத்தை பூக்கும்?"ன்னா மயிலாத்தா.

"கல்லு பூக்கறப்போ,"ன்னா மாமியார் நாச்சாயி.

அப்புறம் மயிலாத்தா பானையில கல்லுப்பொடியப் போட்டு ஒரு விதை ஊனினா. பொடி நனைஞ்சு இறுகி, விதை மூச்சுமுட்டிச் செத்துது. அப்புறம் ஜல்லியக் கழுவிப் போட்டுத் தண்ணி ஊத்தினா. முளை எட்டிப் பாத்துது! வெறுந்தண்ணி வயித்துக்குக் காணுமா? வெளுத்துச் செத்துது. மூணாவதுக்கு ஆட்டுப்புழுக்கை ஊற வெச்சு வடிகட்டின தண்ணி. கிடுகிடுன்னு வளந்துது. ஒருநா கொழகொழன்னு சாஞ்சுருச்சு. தூக்கிப் பாத்தா வேரெல்லாம் அழுகல்.

"தண்ணிக்குள்ளயே கிடந்தா வேரு எப்படி மூச்சு விடும்? வடியணும் அத்தை. பானையில ஓட்டை போடறேன்."

"ஓட்டையா! குடத்தத் தூக்கிட்டு மலையேறிப் பாரு, தெரியும். இந்த ஊர்ல எவளாச்சும் தண்ணியக் கீழ விட்டிருக்காளா?"

தூங்கிட்டியா? ம்.

இருந்தது கடைசி விதை. அப்போ மயிலாத்தா ஜல்லிப் பானையில ஓட்டை போட்டு, அதுக்குக் கீழ ஒரு சட்டிய வெச்சா. மேல புழுக்கைத் தண்ணிய ஊத்தினா சளசளன்னு கல்ல நனைச்சுட்டுச் சட்டிக்கு வந்துது. வேரு கொஞ்சம் காத்து வாங்கினதும், வடிஞ்சதையே எடுத்து மறுபடி ஊத்தினா. கொடி கூரையேறி, ஊதா ஊதாவாப் பூத்துது.

ஊரே வந்து பாத்துது. நாச்சாயி மட்டும் கிட்ட வரல.

"நான் கொண்டாந்ததும் அவரைதான்டி. பூக்கவே இல்ல. எங்கம்மா வழியப் பாத்துப் பாத்தே போய்ச் சேந்துட்டா. நீ கிளம்பு."

"கொடி வாடிருமே அத்தை?"

"வாயாடாமப் போடி."

மயிலாத்தா தடதடன்னு மலையிறங்கினா. அவ தலை மறையற வரைக்கும் நின்னு பாத்தா நாச்சாயி. அப்புறம் முந்தானையால மூஞ்சியத் தொடச்சுட்டு, குனிஞ்சு, ரொம்பியிருந்த சட்டியத் தூக்கிப் பானையில ஊத்தினா.

கதை படுத்துருச்சு, நீயும் படு.