குழாய் வளைவில் ஒரு கல்

“என்ன குறைன்னு சொல்லோணும் அம்மிணி. சொல்லாமலே மூணாவது தடவையும் இல்லைன்னா என்னுங்க அர்த்தம்?”

கொல்லிமலை உச்சியில், வண்டிக் கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் செங்கோடன் இதைக் கேட்டான்.

முப்பது வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு கீறல் இல்லாமல் ஏறி வந்திருக்கிறான். அதுவும் சும்மா இல்லை. முன்னால் பிக்கப் வண்டி, பின்னால் கொக்கியில் மாட்டிய கேரவன். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள ஒரு முழு வீடு.

சுற்றுலாக் கம்பெனிக்காக அவனுக்கு இதைக் கற்றுக்கொடுப்பவள் பூங்கோதை. அவனைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவள் சரி என்று சொன்னால்தான் சுற்றுலாக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு வர அவனை விடுவார்கள்.

அந்த ஒரு ‘சரி’ அவனுக்கு வேண்டும். மனைவிக்கு வாதம் வந்து ஒரு கை விளங்கவில்லை. லாரிக்குத் திரும்பினால் மாதத்தில் இருபது நாள் வெளி மாநிலம். இந்த வேலை என்றால் பொழுது சாய வீட்டில் இருக்கலாம். அவளுக்குத் தலை வாரிவிடவாவது ஓர் ஆள் இருக்கும்.

“இன்னும் இல்லைங்ண்ணா.” மூன்று முறையும் பூங்கோதை சொன்னது இதைத்தான்.

செவ்வாய்க்கிழமை பொறுத்துக்கொண்டான். வியாழக்கிழமை பல்லைக் கடித்தான். இன்று சனிக்கிழமை. கடிக்கப் பல் மிச்சமில்லை.

கேரவனின் சக்கரம் வளைவில் உள்பக்கம் இழுக்கும் என்று தெரிந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அகலமாக எடுத்ததைச் சொன்னான். பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தும் அவசரப்படாததைச் சொன்னான்.

“கொக்கி பாத்தேன். சங்கிலி பாத்தேன். அந்தத் தண்ணிக் குழாய் வளைவுல மூணு நாளும் எஞ்சின் சூடாச்சு, ஓரங்கட்டி ஆறவிட்டேன். வண்டி பின்னால உருளக்கூடாதுன்னு சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். லாரியில அதுக்கெல்லாம் கிளீனர் இருப்பான். இங்க நானே எறங்கி வெச்சனுங்க. இதுக்கு மேல என்ன பண்றது?”

அவள் பிக்கப்பின் பின்பக்கத் தார்ப்பாயை இழுத்துவிட்டாள்.

அது அவனை இன்னும் கிளறிவிட்டது. மூன்று நாளும் குழாய் வளைவைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவள் பின்னால் நடந்து போய்விட்டு வந்ததைச் சொல்லிக்காட்டினான். மலை ஏறினாலே தலை சுற்றுகிற ஆள் இன்னொருவனுக்கு மார்க் போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான்.

“எறங்கலாங்ண்ணா,” என்றாள் பூங்கோதை. “நீங்களே ஓட்டுங்க.”

இரண்டாவது கியரில் இறங்கினான். கேரவன் ஒவ்வொரு இறக்கத்திலும் முதுகில் கை வைத்துத் தள்ளியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் எஞ்சினிலேயே பிடித்து வந்தான். கோபம் தலையில் இருந்ததே தவிர காலுக்கு இறங்கவில்லை. அந்த மட்டில் அவன் தொழில்காரன்.

குழாய் வளைவில் எதிரே ஒரு மொபெட் ஏறி வந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் இரண்டு பலாப்பழம்.

மொபெட் சட்டென்று ஒடித்துத் திரும்பியது. விழுந்தது.

செங்கோடன் வண்டியைச் சமமான ஓர் இடத்தில் ஓரங்கட்டிவிட்டு ஓடினான். அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது. இன்னும் இரண்டடி போயிருந்தால் பள்ளம்.

சாலையில் இளநீர் அளவுக்கு ஒரு கல் கிடந்தது.

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போன லாரிக்காரன் எவனோ, அவனை வம்சத்தோடு சேர்த்துத் திட்டினான். அவன் வீட்டுப் பொம்பளை இந்த வழியாக வண்டியில் வரவே மாட்டாளா என்று கேட்டான். இவனையெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடவிட்டது யார் என்று கேட்டான். விழுந்தவனே “போதுங்ண்ணா, விடுங்க” என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

மொபெட்டைத் தூக்கி நிறுத்தி, பலாப்பழத்தைக் கட்டிக் கொடுத்து, அவர்களை அனுப்பிவைத்தான். பிறகு அந்தக் கல்லை இரண்டு கையாலும் எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கினான்.

“பள்ளத்துல போடாதீங்ண்ணா. கீழயும் ரோடுதான். பிக்கப்புல போடுங்க.”

பிக்கப்பின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே மூன்று கற்கள் இருந்தன.

“இதெல்லாம் என்னுங்க அம்மிணி?”

“வெள்ளக்கோடு போட்டது செவ்வாக்கெழமை. சப்பட்டையா இருக்கறது வியாழக்கெழமை. அந்தக் கருப்பு, இன்னைக்குக் காலையில.”

செங்கோடன் கறுப்புக் கல்லைப் பார்த்தான். சக்கரத்துக்கு அடியில் அதை வைத்தது நினைவிருந்தது. எஞ்சின் ஆறியதும் சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியதும் நினைவிருந்தது.

 பிறகு கையிலிருந்த கல்லை அந்த மூன்றோடு சேர்த்து வைக்கப் போனான்.

“அதத் தள்ளி வையுங்ண்ணா,” என்றாள் பூங்கோதை. “அது உங்களுது இல்ல.”