மதகைத் திறந்தது யார்?

கீரந்தைக்குத் தூது போவதுதான் வேலை. இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும்.

அவருடைய தாழைநாட்டில் நெல் பால் பிடிக்கும் நேரம். வயலில் தண்ணீர் இல்லை. மேலே கல்லக நாட்டை ஆண்ட வேண்மாள் ஆற்று மதகை அடைத்துவிட்டாள்.

"மதகைத் திற, இல்லாவிட்டால் உன் கோட்டையை இடிப்பேன் என்று சொல். ஒரு சொல் மாறக் கூடாது. பதில் இல்லாமல் திரும்பாதே" என்றார் அரசர் மருதவேள்.

படைத்தலைவன் தித்தன் கீரந்தையின் மனைவிக்குத் தம்பி. எல்லைவரை கூடவே வந்தான். "வெரசா வாங்க மச்சான். நீங்க இந்தப் பக்கம் கால் வைச்சதும் படை கிளம்பும்."

அந்தப் படையில் கீரந்தையின் ஒரே மகனும் நின்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கல்லகத்தில் முதலில் சோறு, பிறகுதான் பேச்சு. அங்கே உண்ட விருந்தாளி ஊரைவிட்டுப் போகும்வரை அவர்கள் ஆயுதம் தொட மாட்டார்கள். கீரந்தை சாப்பிட்டார். பிறகு அரசர் சொன்னதை அப்படியே சொன்னார். வேண்மாளின் முகம் சிவந்துவிட்டது.

"பதில் கிடையாது. கிளம்புங்கள்."

"பதில் இல்லாமல் போக எனக்கு உத்தரவு இல்லை, தாயே."

உட்கார்ந்துவிட்டார். காலையில் எழுந்து பதில் கேட்பார், இல்லை என்பாள், சாப்பிடப் போய்விடுவார். சமையற்காரி பொறுத்துப் பார்த்தாள். "தூது வந்தீரா, வீட்டோட மாப்பிள்ளையா வந்தீரா? இலை போட்டே என் இடுப்பு ஒடியுது சாமி!"

சிரித்தாலும் கீரந்தையின் நினைவெல்லாம் படையில் நின்ற மகன்மேல்தான். வேண்மாளுக்கும் போரில் ஆசை இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் மிரட்டலுக்குப் பிறகு மதகைத் திறந்தால் அவள் குடிகளே அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் பதில் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். "மதகுப் பொங்கல் எப்போது, தாயே?"

அன்று மதகைத் திறந்து ஆற்றுக்குப் படைப்பது கல்லகத்தார் வழக்கம்.

"அடுத்த மாதம்" என்றாள்.

"அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "வேண்டாம், எங்கள் களஞ்சியம் தாங்காது. விருந்தாளி இருக்கும்போதே பொங்கலை வைத்துவிடலாம்."

பறை முழங்க மதகு திறந்தது. "பதிலைக் கண்ணால் பார்த்துவிட்டீர். போய் வாரும்" என்றாள்.

கீரந்தைக்கு முன்பே தண்ணீர் ஊர் சேர்ந்துவிட்டது. சபையில் தித்தன் குதித்தான். "நாங்க வெயில்ல காய்ஞ்சோம், இவர் விருந்து தின்னார்! துரோகம் இது."

மருதவேள் கையமர்த்தினார். "மதகைத் திறந்தது எது? என் மிரட்டலா, அவள் இரக்கமா, இல்லை நீயாகப் பேசிய பேச்சா?"

மிரட்டல் என்றால் அடுத்த வருடமும் மிரட்டுவார், அப்போது போர் நிச்சயம். இரக்கம் என்றால் அவமானம் பொறுக்காமல் இன்றே படையை ஏவுவார். தன் பேச்சு என்றால், சொல் மாறியதற்காகக் கீரந்தையின் தலை மிஞ்சாது. பொய்யும் சொல்லக் கூடாது. அவர் என்ன சொல்லியிருப்பார், சொல்லுங்கள்?

விடை: "மதகுப் பொங்கல் திறந்தது, அரசே. அது வருடா வருடம் வரும்" என்றார். பொய் இல்லை, யார் தலையும் குனியவில்லை, அடுத்த வருடத் தண்ணீருக்கும் வழி ஆயிற்று. "அப்ப படை?" என்றான் தித்தன். கீரந்தை சொன்னார்: "பொங்கலுக்குக் கூட்டிட்டுப் போ மாப்ளே. முதல்ல சோறு போடுவாங்க."