கட்டிலில் வந்த சாம்பிள்

ஏழு ஊர் தாண்டி எட்டாவதாக ஓர் ஊர் இருந்ததாம். பேர் கோணக்குளம். அந்த ஊர்க் கபடிக் குழுவில் சடையாண்டிதான் நோஞ்சான். உடம்பு தேறட்டும் என்று ஒரு டப்பா சத்துமாவு வாங்கி, பாதியை ஒரே மூச்சில் தின்று தீர்த்தான்.

அப்புறம்தான் டீக்கடையில் ஒருவர், இந்த மாதிரி மாவு சிலதில் ஈயம் கலந்திருக்குமாம், உடம்பில் சேர்ந்தால் ஆபத்தாம் என்றார். சடையாண்டிக்குச் செத்துப்போவோமோ என்று சோறு இறங்கவில்லை.

கேப்டன் உலகப்பன் டவுனிலுள்ள பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த மேடம் நிதானமாகத்தான் சொன்னார். சடையாண்டி சாப்பிட்ட மாவைக் கொண்டுவர வேண்டும். கை படக்கூடாது, குலுங்கக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. அவர் இனி அந்த மாவைத் தொடவே கூடாது.

"சாப்பிட்ட மாவு இப்ப எங்க இருக்கு?" என்றார் உலகப்பன்.

குழு வெகுநேரம் யோசித்தது. "சடையாண்டிக்குள்ள, அண்ணே" என்றான் பேச்சிமுத்து.

"அப்ப அவன்தான் டப்பா."

"மூடி?"

எல்லோரும் சடையாண்டியின் வாயைப் பார்த்தார்கள்.

துண்டால் அவனே வாயைக் கட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுத்தான். பஸ் குலுக்கும் என்று உலகப்பன், பேச்சிமுத்து, இன்னும் இரண்டு பேர் என நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தான்; மூடி விடவில்லை.

மேடம் கட்டிலைப் பார்த்தார். "மாவு டப்பா எங்கங்க?"

"மிச்ச மாவா? அவன் தொடக்கூடாதுன்னீங்க. வீணாப் போகுமேன்னு நாங்க நாலு பேரும் தின்னுட்டோம்" என்றார் உலகப்பன்.

மேடம் சடையாண்டியிடம் ரத்தம் எடுத்தார். சாயங்காலம் முடிவு வந்தது. ஈயம் கொஞ்சம் இருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, மாவை நிறுத்தினால் தானாகக் குறையும் என்றார். சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற நாலு பேரையும் காலையில் சோதிக்கணும் என்று சொல்லி, கதவைப் பூட்டிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனார்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப நாமளும் டப்பாதானே அண்ணே? டப்பா நடக்கலாமா?"

"குலுங்கிரும்டா. காலையில யாராவது நம்மளை இங்க தூக்கிட்டு வரணும்."

அப்படியே கூடத்தின் வாசற்படியில் வரிசையாகப் படுத்து, வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். "ஒரு ஆளுக்கு நாலு ஆள் வேணும். ஊர்ல எல்லாம் என்னை மாதிரி நோஞ்சான். நீங்க அசையாம இருங்க அண்ணே, ஆளுக்கொரு டப்பா சத்துமாவு வாங்கிக் குடுத்து, தெம்பாக்கிக் கூட்டிட்டு வர்றேன்."

மூடியைத் திறக்கக்கூடாது என்பதால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சடையாண்டி கடைத்தெருவைப் பார்த்து நடந்தான்.