புறவாசலை மூடிய பெருச்சாளி

ஏரிக்கரைப் புதர்க்காட்டில், ஒரு விளாமரத்தடி வளையில், பேச்சி என்ற பெருச்சாளி தன் புருஷன் மூக்கையனோடும் ஐந்து குட்டிகளோடும் குடியிருந்தாள்.

குடியிருந்தாள் என்பது பேச்சுக்குத்தான். அந்த வீட்டில் குடியிருந்தது சாமான்கள்! இவர்கள் அதற்கு நடுவே ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

மூக்கையனுக்கு வெறும் வாயோடு வீடு திரும்பத் தெரியாது. ஏரிக்கரைக்கு வருகிற மனுஷர்கள் எதைப் போட்டுவிட்டுப் போனாலும் கவ்விக்கொண்டு வந்துவிடுவான். ஒற்றை ரப்பர் செருப்பு, குடைக்கம்பி, சைக்கிள் மணியின் மூடி, பல் போன சீப்பு, சோடா மூடிகள் ஒரு குவியல். பேச்சி குடைக்கம்பியில் தலைவைத்துப் படுத்தாள். மூத்த குட்டி செருப்பில் தூங்கியது. கடைக்குட்டிக்குக் கொட்டாங்குச்சிதான் தொட்டில். அது புரண்டு படுக்கும்போதெல்லாம் தொட்டிலோடு வீடு முழுக்க உருண்டது.

ஒருநாள் குவியல் சரிந்து கடைக்குட்டியின் மேல் விழுந்தது. எல்லாரும் சேர்ந்து தோண்டி எடுத்தார்கள். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேச்சிக்கு ஆகிவிட்டது!

"இன்னைக்கு ஒண்ணு சாமான் வெளியே போகணும், இல்லை நான் வெளியே போகணும்!"

"ஏன் பேச்சி கோபப்படறே? அதுவும் இருக்கட்டும், நீயும் இரு!" என்றான் மூக்கையன்.

"இந்த ஒத்தைச் செருப்பு எதுக்கு?"

"இன்னொண்ணு வராமலா போயிடும்? அந்த மனுஷன் எத்தனை நாளைக்கு ஒத்தைச் செருப்போட நடப்பான்?"

"இந்தக் கம்பி?"

"நாளைக்கே ஒரு குடை கிடைக்குதுன்னு வை. கம்பிக்கு நீ எங்கே போவே?"

"சரி, இந்தச் சீப்பு? ஒரு பல்லுகூட இல்லையே!"

மூக்கையன் கொஞ்சம் யோசித்தான். "நமக்கு வழுக்கை விழுந்தா இதுதான் ஒத்து வரும்!"

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தை மாதம் நெருங்கிற்று. பழையதைக் கழித்து வீடு வாசலைச் சுத்தம் செய்கிற காலம். ஆலமரத்தடியில் கொண்டலாத்திப் பறவை ஒரு கூட்டம் போட்டது. தலையில் விசிறிக் கொண்டை, நீண்ட மூக்கு, நிமிர்ந்த நடை. காட்டில் எல்லாரும் அதை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். வாத்தியாரின் சொந்தப் பொந்துப் பக்கம் மூக்கைத் திறந்துகொண்டு யாரும் போக முடியாது. அப்படி ஒரு நாற்றம்! ஆனாலும் பேச்சு நன்றாக இருந்ததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்று குழம்பாதீர்கள்! ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்!" என்றது கொண்டலாத்தி. "போன தையிலிருந்து இந்தத் தை வரைக்கும் அதைத் தொட்டேனா? தொட்டிருந்தால் பொருள்! தொடாவிட்டால் குப்பை!"

கூட்டம் ஆரவாரித்தது. நரி முன்னால் வந்தது.

"வாத்தியாரே, என் மாமியாரைப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு!"

"குப்பை!" என்றது கொண்டலாத்தி.

நரி ஆனந்தக் கண்ணீர் விட்டது. ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது.

"என் முதுகு எனக்கு எட்டாதுங்க. பிறந்ததிலிருந்து ஓட்டை நான் தொட்டதே இல்லை. அப்போ அது..."

"கழற்றிப் பார்!"

ஆமை ஒரு கல்லிடுக்கில் ஓட்டை மாட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை இழுத்துக்கொண்டிருந்தது.

"சாரைப்பாம்பைப் பாருங்கள்!" என்று முடித்தது கொண்டலாத்தி. "உடுத்த சட்டையைக்கூட உரித்து எறிந்துவிடுகிறது. அதுவல்லவா துப்புரவு!"

பாம்பு என்ற பேச்சை எடுத்ததும் பேச்சி நடுங்கிப்போனாள். பக்கத்துப் புதருக்குள் சுருண்டு கிடந்த சாரை அதைக் கேட்டுப் பெருமையில் புரண்டது.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி கேள்வியைக் கேட்டாள். "செருப்பைத் தொட்டீங்களா?" "இல்லை." "கம்பியைத் தொட்டீங்களா?" "தலையில இடிச்சுக்கிட்டேன். அது கணக்குல வருமா?" "வராது!"

ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. செருப்பு போகும்போது மூக்கையன் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். மண்மேட்டுக்குப் பின்னால் எல்லாம் ஒரு குன்றாகக் குவிந்தது. பேச்சி வீட்டைப் பெருக்கினாள். முதல்முறையாகக் குட்டிகள் வீட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடின.

பேச்சிக்கு அது போதும். அவள் கேட்டதே அவ்வளவுதான்.

ஆனால் மூக்கையனுக்குப் போதவில்லை! அழுது ஓய்ந்தவன் மறுநாள் காலையில் துள்ளி எழுந்தான்.

"பேச்சி! உடம்பே லேசாயிடுச்சு! இன்னும் எதை வீசலாம் சொல்லு!"

சொல்வதற்குள் புல் மெத்தையை இழுத்துக்கொண்டு போனான்.

"ஐயோ, அது தினம் படுக்கிற மெத்தை!"

"தூங்கினப்புறம் மெத்தை இருக்கிறதே தெரியறதில்லை! அப்புறம் எதுக்கு?"

அடுத்தது கிழங்கு அறை.

"போன தையில இந்தக் கிழங்கைத் தொட்டோமா?"

"யோவ், அது நேத்துக் கொண்டுவந்தது!"

"அப்போ தொடலைதானே!"

கிழங்கெல்லாம் வெளியே போயிற்று. முள்ளம்பன்றி வந்து வயிறாரத் தின்றுவிட்டு, "உங்க வீட்டுல தினமும் சுத்தம் பண்ணுங்க!" என்று வாழ்த்திவிட்டுப் போனது.

பிறகு மூக்கையன் நாலாவது குட்டியை ஏற இறங்கப் பார்த்தான். "இவனை நான் கடைசியா எப்போ தூக்கினேன்?"

பேச்சி ஓடிவந்தாள். குட்டியைத் தூக்கி அவன் மடியில் போட்டாள். "தொட்டுக்குங்க! இப்பவே நல்லாத் தொட்டுக்குங்க!"

மற்ற நாலையும் வரிசையாகத் தொடவைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்த வீட்டில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. புறவாசல்!

பெருச்சாளி வீட்டுக்கெல்லாம் இரண்டு வழி உண்டு. முன்வாசல் வந்து போக. புறவாசல் ஆபத்துக்கு. அது வெளியே திறந்து இருக்காது. மேலே ஒரு விரல்கனம் மண்ணை மட்டும் மூடியாக விட்டு வைத்திருப்பார்கள். முன்வாசலில் பாம்பு நுழைந்தால் புறவாசலில் ஒரு முட்டு! வெளியே ஓடிவிடலாம். சாமான் மேல் உயிரையே வைத்திருந்த மூக்கையன்கூட அந்த வழியில் ஒரு சோடா மூடியை வைத்தது கிடையாது.

இப்போது அவன் அதன் முன்னால் போய் நின்றான். "இதை ஒருநாளாவது தொட்டிருக்கோமா பேச்சி?"

"வாயைக் கழுவுங்க! அது அவன் வர்ற அன்னைக்கு!"

"இந்த வருஷம் வந்தானா?"

"வரலை."

"போன வருஷம்?"

"வரலை. இருந்தாலும் கை வெச்சீங்க, நடக்கிறதே வேற!"

அதோடு அடங்கியிருப்பான். அன்றைக்குப் பார்த்துக் கொண்டலாத்தி வீடு வீடாகப் பார்வையிட வந்தது. பின்னாலேயே அணில்களும் முயல்களும் ஒரு கூட்டம். கொண்டலாத்தி வளைக்குள் தலையை நீட்டியது.

"அடடா! கண்ணாடிபோல் இருக்கிறதே! இந்தக் காட்டிலேயே சுத்தமான வீடு எது என்று கேட்டால் பேச்சி வீடு என்று..."

வாசலில் நின்ற அணில்களெல்லாம் பேச்சியைப் பார்த்தன. பேச்சி மீசையை நீவிக்கொண்டாள்.

"...சொல்ல வாயெடுத்தேன். அது என்ன, பின்னால் ஒரு பொந்து? அதிலிருந்து மண் உதிர்கிறதே! என்றைக்காவது பயன்பட்டதுண்டா?"

"இல்லைங்க வாத்தியாரே."

"அப்படியென்றால் குப்பை! அது ஒன்றுதான் வீட்டைக் கெடுக்கிறது!"

கூட்டத்தில் ஒரு முயல் களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பேச்சியால் தாங்க முடியவில்லை. குட்டிகளைப் பார்த்தாள். வழியைப் பார்த்தாள். மறுபடி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"சரி, மூடுங்க!" என்றாள் புருஷனிடம்.

மூக்கையன் மண்ணை அள்ளிப் போட்டு, ஏறி மிதித்து, வாலால் மெழுகிவிட்டான். வழி இருந்த சுவடே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

பேச்சி வீட்டுச் சுத்தம் காடெல்லாம் பேச்சாயிற்று. அது ஒரு காதில் மட்டும் விழக் கூடாது. விழுந்துவிட்டது!

ஓர் உச்சிப்பொழுதில் வாசல் இருண்டது. பேச்சி கண்விழித்தாள். பாதி உடம்பு உள்ளே வந்த பிறகு சாரைப்பாம்பு கேட்டது.

"உள்ளே வரலாமா தங்கச்சி?"

பேச்சி குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன் வீட்டைப் பத்தித்தான் ஊரே பேசுது. வந்து பார்த்துட்டுப் போகலாம்னு தோணுச்சு. முந்தி ஒரு தடவை நீங்க தூங்கும்போது வந்தேன். குடைக்கம்பி கண்ணைக் குத்தப் பார்த்துச்சு, திரும்பிட்டேன். இப்போ என்ன வழவழப்பு! சறுக்கிக்கிட்டே வந்துட்டேன்!"

ஐந்து குட்டிகளும் பேச்சியின் வயிற்றுக்கடியில் பதுங்கின. ஒளிய ஒரு மூலை இல்லை. குறுக்கே தள்ள ஒரு துரும்பு இல்லை.

அவள் புருஷன் காதில் கிசுகிசுத்தாள். "நான் புறவாசலைத் தோண்டறேன். நீங்க பேச்சுக் கொடுங்க!"

"என்னத்தைப் பேச?"

"தொட்டோமா தொட்டோமான்னு என் உயிரை எடுத்தீங்களே, அதையே அவன்கிட்டப் பேசுங்க!"

மூக்கையன் முன்னால் வந்தான். "அண்ணே! ஒரு சந்தேகம். நீங்க கடைசியா பெருச்சாளி சாப்பிட்டது எப்போ?"

சாரை யோசித்தது. "போன தைக்கும் முன்னாடி. அப்புறம் எல்லாம் தவளைதான்."

"அப்போ ஒரு வருஷமாப் பெருச்சாளியைத் தொடலை!"

"தொடலை."

"அப்படின்னா உங்களுக்குப் பெருச்சாளி குப்பை! குப்பையை யாராவது வாயில போடுவாங்களா?"

சாரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட, ஆமாம்!" என்றது. துப்புரவுக்குத் தன்னை உதாரணம் சொன்ன வாத்தியார் ஆயிற்றே! அவர் விதியைத் தானே மீறலாமா? தலையைத் தூக்கியும் தாழ்த்தியும் சிந்தித்தது.

பின்னால் பேச்சி நகம் தேயத் தோண்டினாள். புருஷன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லையே! மண் கல்லாக இறுகியிருந்தது. தோண்டிய மண் பறந்து வந்து பாம்பின் மூக்கில் விழுந்தது.

"என்ன தங்கச்சி இது! தரையெல்லாம் மண்ணாகுது!" என்று சாரை பதறியது. "இவ்வளவு நல்ல வீட்டை இப்படியா பாழாக்குவாங்க!"

அது வாலை உள்ளே இழுத்து மண்ணைக் கூட்ட ஆரம்பித்தது. கூட்டக் கூட்ட மண் வந்தது. வர வரக் கூட்டியது.

"தம்பி, அந்த மூலையில ஒட்டியிருக்கு பார்!"

"இதோ அண்ணே!" என்று மூக்கையன் அதைச் சுரண்டிவிட்டான்.

கூட்டி முடித்ததும் சாரைக்கு ஓர் எண்ணம் உதித்தது. "இரு தம்பி! பெருச்சாளியை நான் தொடலை, சரி. ஆனா பசியைத் தினம் தொடறேனே! இன்னைக்குக் காலையிலகூடத் தொட்டேன்!"

"அதனால?"

"பசி பொருள்! பொருளைக் காப்பாத்தணும். அதுக்குத் தீனி போடணும்!"

வாய் அகலத் திறந்தது.

அதே நேரம் பேச்சியின் தலைக்குமேல் பொட்டு வெளிச்சம் தெரிந்தது. அவள் ஒரே முட்டு! குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். திரும்பி மூக்கையன் காதைக் கவ்வி இழுத்தாள். அவன் வெளியே வந்து சேர்ந்தான். வால் நுனி மட்டும் வந்து சேரவில்லை. அது பாம்பின் வாயோடு இருந்துவிட்டது.

ஏழு பேரும் கோரைப்புல்லுக்குள் ஓடி மறைந்தார்கள். சாரை துரத்தவில்லை. அவ்வளவு சுத்தமான வீட்டை விட்டு வர அதற்கு மனசு வரவில்லை!

ஏரியின் அக்கரையில் புது வளை தோண்டினார்கள். முன்வாசலுக்கு முன்னால் புறவாசலைத்தான் தோண்டினான் மூக்கையன். புது வீட்டில் புல் மெத்தை இருந்தது. கிழங்கு இருந்தது. ஒருநாள் அவன் ஒரு பேனா மூடியைக் கவ்விக்கொண்டு வந்தான். பேச்சி பார்த்த பார்வையில் அப்படியே திரும்பிப் போய் ஏரியில் போட்டுவிட்டு வந்தான்.

அடுத்த தைக்குக் கொண்டலாத்தி அங்கேயும் வந்தது. வளைக்குள் எட்டிப் பார்த்தது.

"சுத்தம்தான்! ஆனால் மறுபடியும் பின்னால் ஒரு பொந்தா? இந்த வருஷம் ஒருமுறையாவது பயன்பட்டதா?"

"இல்லைங்க வாத்தியாரே" என்றாள் பேச்சி. "அது பயன்படாமலே நான் கிழவியாகிச் சாகணும், என் பிள்ளைகளும் கிழடாகிச் சாகணும். தினமும் அதைத்தான் வேண்டிக்கிறேன்! நீங்க அடுத்த வீட்டைப் பாருங்க!"

வேண்டாத சாமானை வீட்டில் சேர்ப்பது மடமைதான், ஆனால் ஆபத்துக்கென்று வைத்திருப்பதை இத்தனை நாள் உதவவில்லையே என்று தூக்கி எறிவது அதைவிடப் பெரிய மடமை.